சமூகப்பணி மாணவரின் களப்பயிற்சி

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், சாவகச்சேரியிலே என் மேசைக்கு முன்னால் ஒரு மாணவர் வந்து நின்றார். சமூகப்பணி இளமாணிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவர். களப்பயிற்சிக்காக எங்களிடம் அனுப்பப்பட்டவர். அவர் கையிலே நீளமான ஒரு கொப்பி இருந்தது. அதிலே திகதி, இடம், செய்த வேலை, மணித்தியாலம், மேற்பார்வையாளரின் கையொப்பம் என ஐந்து நிரல்கள் கோடிடப்பட்டிருந்தன.

"சேர், இன்னும் பன்னிரண்டு மணித்தியாலம் குறையுது. திங்கட்கிழமைக்கு முதல் முடிக்கவேணும். எங்கையாவது ஒரு இடத்துக்குப் போட்டுவிடுங்கோ" என்றார்.

நேயர்களே, நான் சமூகசேவைப் பகுதியிலே கடமையாற்றி ஓய்வு பெற்றவன். தென்மராட்சிக்குப் பயிற்சிக்கு வரும் மாணாக்கரை மேற்பார்வை செய்யும் பொறுப்பு நீண்டகாலம் என்னிடம் இருந்தது. அந்த மாணவர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்குப் படிப்பித்தவர்கள் மணித்தியாலத்தை எண்ணினார்கள், அவரும் எண்ணினார். ஆயினும் அந்தப் பன்னிரண்டு மணித்தியாலத்தை எங்கே போடுவது என்று யோசித்தபொழுது, களப்பயிற்சி என்பது உண்மையிலே யாது, அதற்கு நாம் விதிக்கும் நிபந்தனைகள் யாருடைய நன்மைக்கானவை என்ற கேள்வி என்னை விட்டகலவில்லை. அதனைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

பிறர் துன்பத்தைத் துடைக்கும் பணிக்குப் பள்ளிக்கூடம் எதற்கு, நல்ல மனம் இருந்தாற் போதாதா என்று கேட்போர் இன்றும் உளர். இற்றைக்கு நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னரே இந்த வினா எழுந்துவிட்டது. அமெரிக்காவிலே மேரி றிச்மண்ட் என்னும் அம்மையார் 1889 ஆம் ஆண்டிலே பால்ற்றிமோர் நகரத்துத் தரும ஒழுங்கமைப்புச் சங்கமொன்றில் உதவிப் பொருளாளராகச் சேர்ந்தவர். வறியோர் வீடுகளுக்குச் செல்லும் தொண்டர்களின் நல்ல மனத்தால் விளையும் தீமைகளையும் அவர் கண்டார் போலும். 1897 இலே தொறன்ரோ நகரில் நடந்த மாநாடொன்றில், இப்பணிக்கென ஒரு பயிற்சிப் பள்ளி வேண்டும் என வாதிட்டார். அடுத்த ஆண்டிலேயே நியூயோர்க் நகரில் ஆறு வாரக் கோடைகாலப் பயிற்சி ஆரம்பமாயிற்று. அதற்கும் முன்னர், இலண்டன் மாநகரின் தென்பகுதியிலே பல்கலைக்கழகப் பெண்கள் 1887 இல் ஒரு குடியிருப்பை நிறுவி, ஏழை மக்களின் நடுவே வாழ்ந்து பணி பழகினர். வகுப்பறை தோன்றுமுன்னரே களம் தோன்றிவிட்டது என்பது இவ்வரலாற்றால் விளங்கும்.

எமது அயலிலே 1936 இல் பம்பாயில் ஆரம்பிக்கப்பட்ட சேர் டொராப்ஜி தாதா சமூகப்பணிப் பள்ளியும் இவ்வழி வந்ததே. அதன் முதற் பணிப்பாளராகிய கிளிஃபோட் மான்ஷாட், அதற்கு முன்னரே தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த நாக்பாடாவில் அயலவர் இல்லம் ஒன்றை நடத்தியவர். பள்ளி அந்த அயலிலேயே பிறந்தது. 1952 ஆம் ஆண்டு இருகரைத் தமிழரும் நினைவில் வைக்கத்தக்கது. சென்னையிலே மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் முயற்சியாற் சமூகப்பணிப் பள்ளி தோன்றியதும் அவ்வாண்டே. கொழும்பிலே இலங்கைச் சமூகப்பணி நிறுவகம் தோன்றியதும் அவ்வாண்டே. பின்னையது 1992 ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ்த் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்துள் அடங்கியது. 2005 இலே அங்கு சமூகப்பணி இளமாணிப் பட்டப்படிப்பு ஆரம்பமாயிற்று.

களத்திலே நின்று தொழில் பழகும் முறை இலங்கையருக்குப் புதியதன்று. 1926 இலே களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி அமைக்கப்பட்டது. நோய்த்தடுப்பு வேலைக்கு வருவோர் அந்தக் கிராமங்களிலேயே நடந்து, வீட்டுக்கு வீடு சென்று பயிற்சி பெற்றனர். இன்று கைப்பெட்டியோடு எமது ஒழுங்கைகளிலே வரும் மருத்துவமாது அந்த மரபின் வழிவந்தவர். அவர் வந்தால் நாய் குரைப்பதில்லை என்று எங்கள் பக்கத்திலே வேடிக்கையாகச் சொல்வதுண்டு. சமூகப்பணி மாணவர் வந்தாற் குரைக்கிறது. அவர் அடுத்த மாதம் வரமாட்டார் என்பது நாய்க்கும் தெரியும் போலும்.

இனி மணித்தியாலக் கணக்குக்கு வருவோம். அமெரிக்காவிலே சமூகப்பணிக் கல்விச் சபை இளமாணிக்கு 400 மணித்தியாலமும் முதுமாணிக்கு 900 மணித்தியாலமும் களப்பயிற்சி வேண்டுமென விதித்திருக்கிறது. அந்நாட்டுக் கல்லூரிகளிலே மானிட சேவைகள் என்ற பெயரில் நடைபெறும் ஈராண்டுப் படிப்புக்கு 250 மணித்தியாலம். அவுஸ்திரேலியாவிலே 1,000 மணித்தியாலம். அதனை ஒரே இடத்திற் கழித்துவிடவும் இயலாது. இந்தியப் பள்ளிகளிற் பெரும்பாலும் வாரத்திலே இரண்டு நாள் களத்துக்கென ஒதுக்கப்படும். படிப்பின் முடிவிலே தொடர்ச்சியாகச் சில வாரங்கள் வேறிடத்திலே தங்கிப் பணிபுரிவதும் உண்டு. அமெரிக்கச் சபை 2008 இலே, களப்பயிற்சிதான் இத்தொழிலுக்கே உரிய தனிக்கற்பித்தல் முறை என அறிவித்தது. வைத்திய மாணவனுக்கு நோயாளர் விடுதி எவ்வாறோ, சமூகப்பணி மாணவனுக்குக் களம் அவ்வாறு என்பது கருத்து. உலகப் பொதுவாக 2004 இலே அடிலெயிட் நகரில் ஏற்கப்பட்ட நியமங்களோ ஓர் எண்ணையும் கூறவில்லை. பயிற்சியின் காலமும் வேலையின் சிக்கலும் போதியவாறு அமைதல் வேண்டும் என்றே கூறின.

எண் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். எண் இல்லாவிடின், இரண்டு நாள் வந்து படம் பிடித்துக்கொண்டு போவோரே மிகுதியாக இருப்பர். ஆனால் எண்ணக்கூடியதை மாத்திரம் எண்ணினால், எண்ணப்படாதது நடவாமலே போய்விடும். அதற்குத் தென்மராட்சியைக் காட்டிலும் நல்ல சாட்சி வேறில்லை.

எங்கள் பகுதியை அறியாத நேயர்களுக்காகச் சில சொல்கிறேன். நாவற்குழிப் பாலத்துக்கு இப்பால் கைதடி, நுணாவில், மட்டுவில், சாவகச்சேரி, மீசாலை, கொடிகாமம், மிருசுவில், எழுதுமட்டுவாள் எனக் கண்டி வீதியோடும் அதன் இருமருங்கிலும் பரந்து கிடப்பது தென்மராட்சி. பலாவுக்கும் மாவுக்கும் பெயர்பெற்ற மண். மட்டுவிற் கத்தரிக்காயைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இந்தப் பேச்சின் நேரம் போதாது. 1995 ஒக்ரோபர் 30 ஆந் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் அந்தப் பாலத்தைக் கடந்து மழையிலே எங்கள் முற்றங்களுக்கு வந்தனர். ஐந்தாண்டு கழிந்து, 2000 ஆம் ஆண்டிலே, அவர்களுக்கு இடங்கொடுத்த நாங்களே இடம்பெயர்ந்தோம். சாவகச்சேரிப் பட்டினம் இடிபாட்டுக் குவியலாயிற்று. 2002 இலே போர் நிறுத்தம் வந்தபின் திரும்பியோர் கூரையில்லாச் சுவர்களைக் கண்டனர்; சிலர் சுவரையும் காணவில்லை.

இதன் பயனாக, எங்கள் வீடுகள் பலவற்றிலே பழைய பிஸ்கற்று ரின் ஒன்று இருக்கும். அதனுள்ளே அட்டைகளும் படிவங்களும் பற்றுச்சீட்டுகளும் இருக்கும். நிவாரண அட்டை, இடம்பெயர்ந்தோர் பதிவு, வீட்டுத்திட்ட விண்ணப்பம், ஆணைக்குழு ஒன்றுக்குக் கொடுத்த முறைப்பாட்டின் பிரதி எனக் காலம் கட்டுக்கட்டாக அதனுட் கிடக்கும். யாராவது கொப்பியோடு படலையைத் திறந்தால் வீட்டுக்காரர் பேசுமுன்னர் அந்த ரின்னை எடுத்துவந்து வைப்பார். எத்தனை பேர் கேட்டு எழுதிக்கொண்டு போயினர் என்பதற்கு அது கணக்கு. இப்படிப்பட்ட ஊருக்கே இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளை, கேள்விக்கொத்தோடு, பயிற்சிக்கு அனுப்புகிறோம்.

நிற்க. பயிற்சியின் முதல் நாளிலே நான் ஒரு கேள்வி கேட்பது வழக்கம். "போன வீட்டிலே தேத்தண்ணீர் குடித்தீரா?" சில மாணவர், "இல்லை சேர், சேவை பெறுவோரிடம் ஒன்றும் வாங்கக்கூடாது என்று படிப்பித்தவை" என்பர். மேனாட்டு நூல்களிலே அவ்வாறு எழுதியிருக்கலாம். அதன் காரணமும் தகுந்ததே. ஆனால் யாழ்ப்பாணத்திலே ஒருவர் வீட்டிலே தண்ணீர் குடியாமல் எழுந்து வருவதற்கு வேறொரு பழைய பொருள் உண்டு. தேநீர்க் கடைகளிலே சிலருக்கு மாத்திரம் போத்தலிலும் சிரட்டையிலும் ஊற்றிக் கொடுத்த காலத்தை நினைவிலுடையோர் இன்னும் வாழ்கின்றனர். சாதி காரணமாகப் பொது இடங்களில் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கி 1957 இலே சட்டம் இயற்றப்பட்டது. அதன் பின்னரும் அறுபதுகளின் பிற்பகுதியிலே தேநீர்க்கடைக்கும் கோயிலுக்குமாகப் போராட வேண்டியிருந்தது. ஆகவே ஒரு தாய் தந்த குவளையை மாணவர் தள்ளி வைத்தால், அவர் தொழில் ஒழுக்கத்தைக் காத்தார் என்று அந்தத் தாய் எண்ணமாட்டார். நூலிலுள்ள விதியை மீறச் சொல்கிறேன் என்று கொள்ளவேண்டாம். விதியைப் படிக்குமுன் முற்றத்தைப் படிக்கச் சொல்கிறேன். இதனை மாணவருக்குச் சொல்லிக்கொடுக்க நூறு மணித்தியாலம் வேண்டாம். சொல்லிக்கொடுக்க ஒருவர் வேண்டும்.

அவ்வாறு சொல்லிக்கொடுப்பதன் பெயரே மேற்பார்வை. வாரத்திலே ஒரு மணித்தியாலமாவது மாணவரும் மேற்பார்வையாளரும் தனியே இருந்து, நடந்த ஒரு சந்திப்பைச் சொல்லுக்குச் சொல் ஆராய்தல் வேண்டும். மாணவர் தம் பதிவிலே, மற்றவர் கூறியது, தாம் கூறியது, அப்பொழுது தம் மனத்திலே எழுந்தது என மூன்றையும் எழுதிவருவர். ஒரு மாணவி பாடசாலைக்கு ஒழுங்காக வராத ஒரு சிறுவனின் வீட்டுக்குப் போய்வந்து, "பெற்றோர் கல்வியில் அக்கறையற்றவர்" என்று எழுதினார். எத்தனை மணிக்குப் போனீர் என்று கேட்டேன். பத்து மணிக்கு என்றார். வீட்டிலே யார் இருந்தனர்? அந்தச் சிறுவனும் கைக்குழந்தை ஒன்றும். பெற்றோரைக் காணாமலே அவர்களின் அக்கறையை அளந்துவிட்டீர் என்றேன். அடுத்தமுறை மாலை ஆறு மணிக்குச் சென்றார். தாய் விடியப்புறம் தோட்டக் கூலிக்குப் போகிறவர், தகப்பன் இல்லை, கைக்குழந்தையைப் பார்க்க ஆளில்லாத நாள்களிலே மூத்தவன் மறிக்கப்படுகிறான். குழந்தையை அயலிலே விடுவதற்கு ஒழுங்கு செய்ததும் பையன் பாடசாலைக்குப் போனான். முழுதும் ஒழுங்காகப் போனான் என்று சொல்லமாட்டேன். முன்னையிலும் கூடுதலாகப் போனான். முதலிலே எழுதிய வாக்கியத்தை அந்த மாணவி தாமாகவே வெட்டினார். அன்றைக்கு அவர் கொப்பியிலே எழுதப்பட்டது இரண்டு மணித்தியாலம்.

கொப்பியைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. கொழும்பிலே ஒருவர் கதையை மற்றவர் அறியாதிருக்கலாம். எங்களூரிலே பெயரை மாற்றி எழுதினாலும், "கிணற்றடி வாழைத்தோட்டம், இரண்டு பெண் பிள்ளைகள்" என்றால் மினிபஸ்ஸிலே பக்கத்திலிருப்பவர் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார். அதனாற் கொப்பியை அலுவலகத்திலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்வேன்.

இனி, என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தப் பன்னிரண்டு மணித்தியால மாணவர் வருவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் நடந்தது. மிகவும் கெட்டிக்காரியான ஒரு மாணவி பயிற்சிக்கு வந்தார். தனியே வாழ்ந்த ஒரு மூதாட்டியிடம் அவரை அனுப்பினேன். ஆச்சியின் மகன் போரின் இறுதிக் காலத்திலே காணாமற் போனவர். ஆச்சி பல ஆணைக்குழுக்களின் முன் சென்றவர். காணாமற்போனோருக்கென 2016 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த அலுவலகத்துக்கும் எழுதியவர். முதல் நாள் அவர் பிஸ்கற்று ரின்னைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "பிள்ளை, எல்லாம் இதுக்குள்ளை கிடக்கு, பார்த்து எழுதிக்கொண்டு போ" என்றாராம். மாணவி ரின்னைத் திறக்கவில்லை. "இருக்கட்டும் ஆச்சி, நான் உங்களைப் பார்க்கத்தான் வந்தனான்" என்று இருந்துவிட்டார். இதைப் படிப்பித்து வருவிக்க இயலாது.

ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் சென்றார். மூன்றாவது வாரத்திலே ஆச்சி மகனைப் பற்றிப் பேசினார். காணாமற் போனதைப் பற்றி அன்று, சிறுவயதிலே மாமரத்தால் விழுந்து கை முறித்ததைப் பற்றி. மாணவியின் பதிவுகளைப் படித்து நான் பெருமிதங் கொண்டேன். முதியோர் கொடுப்பனவிலே இருந்த ஒரு சிக்கலும் தீர்ந்தது. மூன்று மாதத்தில் மணித்தியாலங்கள் நிறைவுற்றன. கையொப்பம் இட்டேன். பரீட்சை நெருங்கியதால் மாணவி மறுநாள் இரவே கொழும்புக்குப் புறப்பட்டுச் சென்றார்.

ஆறு வாரங்களின் பின்னர் வேறொரு அலுவலாக அந்தப் பக்கம் போனபொழுது ஆச்சி படலையிலே நின்றார். "தம்பி, அந்தப் பிள்ளைக்கு ஏதும் நடந்துபோச்சோ? நான் ஒவ்வொரு செவ்வாயும் தேத்தண்ணி வைச்சுக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறன். ஆரிட்டைக் கேக்கிறதெண்டு தெரியேல்லை" என்றார்.

நேயர்களே, சொல்லாமற் போன ஒரு பிள்ளைக்காகப் பல ஆண்டுகளாகக் காத்திருக்கும் ஒரு தாயிடம், சொல்லாமற் போகும் இன்னொரு பிள்ளையை நான் அனுப்பியிருக்கிறேன். மாணவியை நான் குறை கூறேன். விடைபெறுவது எப்படி என்று அவருக்கு நான் சொல்லிக்கொடுக்கவில்லை. நிபந்தனைகள் யாவும் நிறைவேறியிருந்தன. கொப்பியிலே ஒரு மணித்தியாலமும் குறையவில்லை. என் கையொப்பம் அதன் கீழே இருந்தது.

அன்றிரவே மாணவிக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் அழுதார். பரீட்சை முடிந்ததும் தம் செலவிலே வந்து, ஆச்சியைக் கண்டு, தாம் இனி வர இயலாமையைச் சொல்லிச் சென்றார். ஆச்சி அவருக்கு ஒரு சரை பனங்கட்டி கொடுத்துவிட்டார் என்று கேள்வி.

அதன் பின்னர் எங்களிடம் வருவோருக்கு மூன்று நிபந்தனைகளை நானே சேர்த்துக்கொண்டேன். எந்தப் பாடத்திட்டத்திலும் அவை எழுதப்பட்டிருக்கவில்லை. முதல் நாளே, தாம் மாணவர் என்பதையும் இன்ன திகதி வரைதான் வருவார் என்பதையும் வீட்டாருக்குச் சொல்லிவிட வேண்டும். கடைசி இரண்டு சந்திப்புகளும் விடைபெறுவதற்கென்றே ஒதுக்கப்பட வேண்டும். மூன்றாவது, அடுத்து வருபவருக்கு ஒரு பக்கம் எழுதிவைத்தல். இதுவரை என்ன நடந்தது, எதைத் திரும்பக் கேட்கக்கூடாது, என்ன வாக்குக் கொடுத்தோம், அதில் எது நிறைவேறவில்லை என அந்தப் பக்கத்திலே இருத்தல் வேண்டும். வீட்டார் விரும்பாவிடின் அதுவும் எழுதலாகாது. இந்த மூன்றாவதிலேதான் மாணவர் அதிகம் இடர்ப்பட்டனர்; நிறைவேறாததை எழுத எவருக்கும் கை வருவதில்லை.

மாணாக்கரின் சிரமத்தையும் மறந்துவிடக்கூடாது. களப்பயிற்சிக் காலத்திலே அவர்களுக்கு ஊதியமில்லை. பஸ் காசு அவர்களுடையது. அறை வாடகை அவர்களுடையது. 2022 இலே எரிபொருள் இல்லாத நாள்களில், கொடிகாமத்துக்கு அப்பாலுள்ள வீடுகளுக்குத் துவிச்சக்கரவண்டியிலே போய்வந்த பிள்ளைகளை நான் அறிவேன். மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு அந்தக் காசிலே பஸ் ஏறியவரும் உளர். அவுஸ்திரேலிய அரசாங்கம் 2025 யூலை முதல், வருமானங் குறைந்த சமூகப்பணி மாணவருக்குக் களப்பயிற்சிக் காலத்திலே கொடுப்பனவு வழங்குகிறது. ஆசிரிய, தாதிய மாணவருக்கும் அது உண்டு. செல்வ நாடே அதன் தேவையை உணர்ந்திருக்க, இங்கு ஒரு பிரயாணப் படியாவது கொடுப்பதைப் பற்றி நிறுவனங்கள் யோசித்தல் தகும். மேற்பார்வை செய்யும் உத்தியோகத்தருக்கும் அது மேலதிகச் சுமையாகவே வந்து சேர்கிறது. நூற்றுக்கணக்கான கோவைகளோடு இருக்கும் ஒருவர் வாரம் ஒரு மணித்தியாலத்தை எங்கிருந்து எடுப்பார்? அவர் கடமைப் பட்டியலிலே அதனையும் ஒரு கடமையாக எழுதினாலன்றி, கையொப்பம் மாத்திரமே மிஞ்சும்.

ஆச்சியிடம் அடுத்த ஆண்டு ஒரு மாணவரை அனுப்பலாமா என்று தயங்கினேன். அவரிடமே கேட்டேன். "வரட்டும் தம்பி. ஆனால் எப்ப போகும் எண்டு சொல்லிப்போட்டு வரட்டும்" என்றார்.

வெள்ளிக்கிழமை வந்த அந்த மாணவரின் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு வருகிறேன். அவர் பயிற்சிக் காலத்திலே நான்கு வீடுகளுக்குப் போயிருந்தார். முதல் நாளே சொல்லவேண்டியதைச் சொல்லியிருந்தார். கடைசிச் சந்திப்புகளை மாத்திரம், கிராமக் கூட்டங்கள் பல வந்ததாற் பின்போட்டிருந்தார். சனிக்கிழமை மட்டுவிலிலே இரண்டு வீடு, ஞாயிற்றுக்கிழமை மிருசுவிலிலே இரண்டு வீடு என எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்கு மூன்று மணித்தியாலம். "போய்ச் சொல்லுறதுக்கு மூன்று மணித்தியாலம் தேவைப்படுமோ சேர்?" என்று கேட்டார். போய்ப் பாரும் என்றேன். திங்கட்கிழமை காலை அவர் கொண்டுவந்த கொப்பியிலே பதினைந்தரை மணித்தியாலம் எழுதியிருந்தது. கூடிய மூன்றரையையும் சேர்த்தே கையொப்பம் இட்டேன்.